கப்சாயின் அப்சோபருக்கும் ஓர் எல்லை உண்டு



இலக்கணமும் பாடத்திட்டமும் பேசும் இந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளின் அப்சோபரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நிறையவே இருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் கணிசமானோர் காலையில் பள்ளி வாசலில் வந்து இறங்குவது அப்பாவின் கப்சாயிலிருந்துதான். ஆறாம் ஆண்டை முடித்து நம் கையை விட்டுப் போகும் மாணவன், அடுத்த நான்கே ஆண்டுகளில், 16 வயதில், 'பி2' உரிமம் எடுக்கும் தகுதியை அடைகிறான். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பத்துக்கு ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை ஆண்டுதோறும் செய்திகளில் படிக்கிறோம். ஆகவே அந்த வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் நாம் பேசுவதற்கு உரியதே.

தலைக்கவசத்தைப் பற்றிப் பேசுகிறோம். பிரேக்கைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால், சக்கரத்தைச் சாலையோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும் உறுப்பைப் பற்றி இரண்டே வகைப் பேச்சைத்தான் கேட்க முடிகிறது. "கம்பெனிக்காரன் போட்டது போதும், எதையும் தொடாதே" என்பது பெற்றோர் பேச்சு. "கம்பெனிக்காரன் போட்டது குப்பை, கழற்றி எறி" என்பது இளையோர் பேச்சு. இரண்டுமே உண்மையைத் தொடவில்லை என்பது என் கருத்து. கம்பெனி அப்சோபர் ஒரு குறிப்பிட்ட சுமைக்கும் ஒரு குறிப்பிட்ட ஓட்டத்திற்கும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று அறிந்தவனுக்கு அது நல்ல துணை; அறியாதவனுக்கு எத்தனை விலை கொடுத்து வாங்கிய அப்சோபரும் துணை செய்யாது.

அப்சோபர் செய்யும் இரண்டு வேலைகள்

வண்டியின் முன்னால் இருப்பதை ஃபோர்க் என்கிறோம். பின்னால் இருப்பதை அப்சோபர் என்கிறோம். இரண்டிலும் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று சுருள்வில், அதாவது ஸ்பிரிங். மற்றொன்று எண்ணெய் நிரம்பிய குழாய். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் கொடுக்கிறது. எண்ணெயோ அந்த ஆட்டத்தை அடக்குகிறது. எண்ணெய் இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் இருந்தால், ஒரு வேகத்தடையைக் கடந்த பிறகு வண்டி நெடுந்தொலைவு துள்ளிக்கொண்டே போகும். சிறு துளையின் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு ஓடும்போது, துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கரைந்துவிடுகிறது.

இதை வகுப்பறையிலேயே காட்டலாம். பேனாவின் ஸ்பிரிங்கை அழுத்தி விட்டால் அது துள்ளும். ஊசி இல்லாத மருந்துக் குழலில் தண்ணீர் நிரப்பி மெல்ல அழுத்தினால் எளிதில் வெளியேறும். வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். அறிவியல் பாடத்திலோ வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலோ ஐந்து நிமிடம் போதும். அப்சோபரின் முழுத் தத்துவமும் இந்த இரண்டு பொருள்களில் அடங்கிவிடும்.

யாரை நினைத்துச் செய்தார்கள்?

நம் கப்சாய்களுக்கெல்லாம் மூத்தது 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். 'கப்' என்னும் அப்பெயரோடு 'சிறியது' என்னும் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்தே 'கப்சாய்' ஆயிற்று என்பர். ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடிய வண்டியாக அது இருக்க வேண்டும் என்பதே சோய்ச்சிரோ ஹோண்டாவின் எண்ணம். அக்காலத்து ஜப்பானியச் சாலைகள் பலவும் செப்பனிடப்படாதவை. ஆகவே, குறைந்த வேகம், கரடுமுரடான பாதை, குறைந்த விலை, எளிய பராமரிப்பு ஆகிய நான்கையும் மனத்தில் கொண்டே அதன் அதிர்வுத் தாங்கிகள் அமைந்தன. நம் நாட்டில் தோட்டப் பாதைகளில் பால் வாளிகளைச் சுமந்து ஓடியதும் இந்த இனத்து வண்டிகளே. அவை அந்த வேலைக்குப் பொருத்தமாக இருந்தன.

இன்று இஎக்ஸ்5 போன்ற வண்டியில் முன்னால் குழாய் ஃபோர்க்கும் பின்னால் இரட்டை அப்சோபரும் உள்ளன. ஒய்15இசட்ஆர் போன்ற 150 சிசி வண்டிகளில் பின்னால் ஒற்றை அப்சோபர், அதாவது 'மோனோஷாக்', பொருத்தப்பட்டிருக்கிறது. இந்த மோனோஷாக் பந்தயத்திலிருந்து வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் தில்கென்ஸ் என்பவரின் சிந்தனையை யமஹா நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அந்த அமைப்பு பொருத்திய வண்டியில்தான் சுவீடன் வீரர் ஹாக்கன் ஆண்டர்சன் 1973-இல் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார்.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பந்தயத்தில் பிறந்த பெயர் தன் வண்டியிலும் இருப்பதால், பந்தயத் திறனும் அதில் இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். வடிவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் எண்ணெய்த் துளையும் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் மனிதருக்காகவே அளவெடுக்கப்பட்டவை.

முதல் எல்லை: சுமை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின் சக்கரம் மேலும் கீழும் அசைய 80 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று கொள்வோம். 65 கிலோ எடையுள்ள அப்பா மட்டும் உட்கார்ந்தால், வண்டியின் எடையும் சேர்ந்து 25 மில்லிமீட்டர் இறங்குகிறது. பள்ளங்களைச் சமாளிக்க இன்னும் 55 மில்லிமீட்டர் கையிருப்பு உண்டு. 55 கிலோ எடையுள்ள அம்மா பின்னால் ஏறுகிறார். பின்னிருக்கை ஏறத்தாழப் பின் சக்கரத்தின் மேலேயே இருப்பதால், அவருடைய எடையின் பெரும்பகுதி பின் அப்சோபரின் மீதே விழுகிறது. இப்போது 42 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. நடுவில் பிள்ளையும் புத்தகப் பையும் சேர்ந்தால் 50 மில்லிமீட்டர். எஞ்சியிருப்பது 30 மட்டுமே.

அந்த 30 மில்லிமீட்டரும் முதல் பெரிய பள்ளத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தவுடன் இரும்பு இரும்போடு மோதுவது போன்ற அடி; அதைத் தாங்குவது நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முதுகெலும்பு. வண்டியின் பின்பகுதி தாழ்ந்துபோனதால் முன் சக்கரத்தின் மீதுள்ள எடை விகிதம் குறைகிறது. கைப்பிடி இலேசாகிறது, முன்விளக்கு வானத்தைப் பார்க்கிறது, வளைவில் வண்டி சொன்னபடி திரும்ப மறுக்கிறது.

சட்டப்படி ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே அமரலாம். அது நமக்குத் தெரியும். மாதச் சம்பளத்தில் பள்ளி வேன் கட்டணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன என்பதும் தெரியும். அவர்களைச் சட்டப் புத்தகத்தால் அடிப்பதற்காக இதை எழுதவில்லை. மூவராகப் போகும் பயணத்தை இரண்டு நடையாகப் பிரிப்பதும், வேன் செலவில் ஒரு பகுதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொள்வதும் இயலாத காரியங்களா என்று கேட்கிறேன். ஆசிரியர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். கால அட்டவணைப்படி அன்றைக்குத் தேவையான நூல்களை மட்டும் கொண்டுவரச் சொன்னால், பின்னிருக்கையில் ஏறும் எடையில் சில கிலோ குறையும்.

இவ்விடத்தில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். சில வண்டிகளின் பின் அப்சோபரில் படிப்படியாகத் திருகி வைக்கும் வளையம் ஒன்று இருக்கும். அதை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை. தாழ்ந்துபோன வண்டி சற்று உயர்ந்து நிற்கிறது, அவ்வளவே. இருவராகப் போகும்போது அது பயனுள்ளதுதான். ஆனால், அந்த ஒரு திருகு அப்சோபரை மூவருக்கு உரியதாக மாற்றிவிடாது. பல கப்சாய்களில் அந்தத் திருகும் கிடையாது.

இரண்டாம் எல்லை: அசைவின் வேகம்

சாதாரண ஃபோர்க்கின் உள்ளே எண்ணெய் போய்வரும் துளை ஒரே அளவானது. மருந்துக் குழலை நினைவில் கொள்ளுங்கள். துளை மாறாதபோது, எண்ணெய் ஓடும் வேகம் இரு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இதனால் ஒரே ஃபோர்க் இரண்டு எதிரெதிரான குறைகளைக் காட்டுகிறது. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக அமுங்குகிறது. அங்கே தடை போதவில்லை. வண்டியின் மூக்கு குத்தி இறங்குகிறது. கூர்மையான பள்ளத்தில் விழும்போது ஃபோர்க் மிக விரைவாக அமுங்க வேண்டும். அங்கே தடை அளவுக்கு மீறிவிடுகிறது. கையில் அடி விழுகிறது. சக்கரம் சாலையை விட்டு எழும்புகிறது.

மூக்கு குத்துவதைத் தடுக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றுவது பட்டறைகளில் வழக்கம். மூக்கு குத்துவது குறையும். ஆனால் பள்ளத்தில் விழும் அடி கூடிவிடும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடுகிறது என்றால், அதுதான் அந்த அமைப்பின் எல்லை. பந்தய வகை ஃபோர்க்குகளில் மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். எண்ணெயின் அழுத்தத்திற்கேற்ப அவை வளைந்து வழிவிடுவதால், மெதுவான அசைவையும் விரைவான அசைவையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடிகிறது. விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் எல்லை: வெப்பமும் வயதும்

அப்சோபரின் வேலையே ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவது. தொடர்ந்து கடுமையாக வேலை வாங்கினால் எண்ணெய் சூடேறி இளகும். இளகினால் தடை குறையும். பந்தயத் தளத்தில் சில சுற்றுகளுக்குப் பிறகு சாதாரண அப்சோபர் 'தளர்ந்துவிட்டது' என்று சொல்வது இதனால்தான். அன்றாடச் சாலையில் இவ்வளவு சூடு ஏறாது. அங்கே எதிரி வயதுதான். மழையும் மணலும் சேர்ந்து ஆயில் சீலை அரிக்கின்றன. எண்ணெய் மெல்லக் கசிகிறது. இது நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. உடல் அதற்குப் பழகிவிடுகிறது. "கம்பெனி அப்சோபர் சரியில்லை" என்று குறை கூறப்படும் வண்டிகள் பலவற்றில், அப்சோபர் தன் ஆயுளை முடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதே உண்மை.

செப்பாங் வேறு, செமினி வேறு

செமினியிலிருந்து செப்பாங் பந்தயத் தளத்திற்கு ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். 1999-இல் திறக்கப்பட்ட அந்தத் தளத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். பெருந்தொற்றுக் காலமான 2020, 2021 நீங்கலாக, 1999 முதல் மோட்டோஜிபி அங்கே நடந்துவருகிறது. சுல்ஃபாமி கைருடின் 2012-இல் அதே தளத்தில் மோட்டோ3 பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். ஹாஃபிஸ் ஷாரின் 2018-இல் மோட்டோஜிபியில் முழுப் பருவமும் ஓட்டிய மலேசியராக விளங்கினார். இருவரும், 1994-இல் தொடங்கிய கப் பிரி போட்டிகளில் கப்சாய் வகை வண்டிகளை ஓட்டி வளர்ந்தவர்கள். எனவே, கப்சாய் வைத்திருக்கும் பையன் பந்தயக் கனவு காண்பதை நான் குறைகூற மாட்டேன். அந்தக் கனவுக்கு நம் நாட்டில் ஒரு வழி இருக்கிறது.

ஆனால் அந்தப் போட்டி வண்டிகளின் அப்சோபர் கடையில் வாங்கிய வண்டியில் இருப்பதன்று. ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங், தளத்திற்கேற்ற தடை என எல்லாம் மாற்றி அமைக்கப்பட்டிருக்கும். பந்தயத் தளத்தில் வண்டி கடுமையாகப் பிரேக் பிடிக்கிறது, ஆழமாகச் சாய்கிறது, சாய்ந்த நிலையிலேயே முறுக்கி எழுகிறது. தெருவுக்கான ஃபோர்க் அங்கே முழுவதும் அமுங்கிப்போகும். அமுங்கிய பிறகு ஒரு சிறு மேடு வந்தாலும் சக்கரத்திற்கு அசைய இடமில்லை. சாயும்போது கால் மிதியும் ஸ்டாண்டும் தரையில் உரசும். கம்பெனி அப்சோபரின் எல்லை அங்கே தெளிவாகத் தெரிந்துவிடும்.

இதை ஒப்புக்கொள்ளும் இளைஞர் அடுத்துச் செய்வது என்ன? பந்தய அப்சோபரை வாங்கி, செமினி சாலையில் ஓட்டுவது. இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எல்லை என்பது இரு பக்கமும் உண்டு. பந்தயத் தளம் கண்ணாடி போல் சமமானது, எல்லாரும் ஒரே திசையில் போவார்கள், விழுந்தால் உருள இடமிருக்கும், மருத்துவர் காத்திருப்பார். அதற்காக இறுக்கிய அப்சோபர், கல் லாரிகள் ஓடிக் குழி விழுந்த சாலையிலும், தாமானுக்குத் தாமான் போட்டிருக்கும் வேகத்தடைகளிலும் சக்கரத்தைத் துள்ள வைக்கும். துள்ளும் சக்கரம் சாலையில் இல்லை. சாலையில் இல்லாத சக்கரத்தில் பிரேக்கும் இல்லை. செமினி அணையைத் தாண்டி, சுங்கை தெக்காலா வழியாக உலு லங்காட் போகும் காட்டு வளைவுகளில் ஈர இலையும் எதிரே வரும் காரும் எந்த அப்சோபருக்கும் அடங்குபவை அல்ல.

உயரத்தை மாற்றும் வழக்கமும் இதோடு சேர்ந்தது. அழகுக்காகப் பின்பக்கம் குட்டையான அப்சோபர் போட்டால், கைப்பிடி மந்தமாகிறது. சாயும் இடம் குறைகிறது. சக்கரம் மேலே மோதும் அபாயம் வருகிறது. நீளமானதைப் போட்டால் முன்பக்கம் செங்குத்தாகி, வேகத்தில் கைப்பிடி படபடக்கிறது. சில மில்லிமீட்டர் மாற்றமே வண்டியின் குணத்தை மாற்றிவிடும். பெரிய பெயரின் எழுத்துகளை மட்டும் ஒட்டிய மலிவான போலிகள் சந்தையில் உலவுவது தனித் துன்பம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில் காசு செலவில்லாத சோதனைகள். டயர் காற்றைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள்; இருவர் போவதற்கு அதில் தனி அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். வண்டியின் பின்பகுதியைக் கையால் அழுத்தி விடுங்கள். எழுந்து ஒரே முறையில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் அப்சோபர் ஓய்ந்துவிட்டது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். குழாய் வெளியே தெரியும் வண்டியாயின், அதில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தை மாட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள். வளையம் எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதே உங்கள் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பதற்குச் சான்று. பிள்ளையை அழைத்து அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல கணிதப் பாடம் எது?

இரண்டாவது, செலவு. ஓய்ந்துபோன அப்சோபருக்குப் பதிலாக அதே வகைப் புதியதைப் போடுங்கள். ஃபோர்க் எண்ணெயையும் சீலையும் மாற்றுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும்; வண்டி புதிதாய் வாங்கியது போல் நடக்கும். அதற்குப் பிறகும் குறை இருந்தால், ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங்கைப் பற்றி விவரம் அறிந்த பட்டறையில் கேளுங்கள். நல்ல அப்சோபரை மாற்றுவது தவறே இல்லை. ஆனால் அது கடைசிப் படி. முதல் படி அன்று. மாற்றும் முன் ஜேபிஜே விதிகளையும் காப்புறுதி நிபந்தனைகளையும் கேட்டறிவது நலம்.

மூன்றாவது, ஆசை. பையனுக்கு வேக ஆசை இருந்தால், அதை வையாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். செப்பாங் தளத்தில் கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் ஓட்டும் நாள்கள் உண்டு. ஆயிரம் ரிங்கிட் கொடுத்துப் பளபளக்கும் அப்சோபர் வாங்கிக் கொடுப்பதைவிட, முறையான பயிற்சிக்கும் பாதுகாப்பு உடைக்கும் அந்தப் பணத்தைச் செலவிடுவது மேல். ஒரே ஒரு நாள் தளத்தில் ஓட்டினால், தன் வண்டியின் எல்லையையும் தன் எல்லையையும் அவன் தானே உணர்ந்துகொள்வான். அந்த அறிவு தெருவில் கிடைப்பதற்கான விலை மிகப் பெரிது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "மெதுவாகப் போ" என்று சொல்லி முடிப்பது அறிவுரை. ஏன் மெதுவாகப் போக வேண்டும் என்று காட்டுவதுதான் கல்வி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அறிவுரையை மறந்துவிடுவான். தன் கையால் அழுத்திப் பார்த்த ஸ்பிரிங்கை மறக்க மாட்டான். ஆறாம் ஆண்டுத் தேர்வுகள் முடிந்து ஓய்ந்திருக்கும் அந்த வாரங்களில், ஒரு பேனா ஸ்பிரிங்கையும் ஒரு மருந்துக் குழலையும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் சாவியைத் திருகும்போது நாம் அருகில் இருக்கப் போவதில்லை. நாம் கற்பித்த அந்த ஒன்று அவனோடு இருக்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.